மூலைமட்டம் அக்காவின் முழங்கை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. வங்கியிலும் மருத்துவமனைச் சீட்டிலும் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. மற்றபடி தெருவிலும் கடையிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் அவள் மூலைமட்டம். கொஞ்சம் மரியாதை உள்ளவர்கள் மூலைமட்டம் அக்கா என்பார்கள்.

மூலைமட்டம் என்பது தச்சுவேலைக் கருவி. மரப்பிடியும் இரும்புத் தகடும் சேர்ந்து 'எல்' எழுத்து மாதிரி இருக்கும். ஒரு மூலை சரியான செங்கோணம்தானா, தொண்ணூறு டிகிரிக்கு மயிரிழை கூடவோ குறையவோ இருக்கிறதா என்று தெரிய, அதை மூலைக்குள் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மூலை பொய். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை பார்க்கிறவள் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இவள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். யாராவது புது அலமாரி வாங்கியிருந்தால், நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அதன் கதவு மூலையில் வைத்துப் பார்ப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். முகம் மட்டும் புளியைக் கடித்த மாதிரி ஆகிவிடும். அன்றிலிருந்து அந்த அலமாரி வீட்டுக்காரர் கண்ணுக்கும் கோணலாகவே தெரியும். இப்படிப் பல வீடுகளின் நிம்மதியைக் கெடுத்த புண்ணியம் அவளுக்கு உண்டு.

முழங்கை உடைந்ததும் இந்தக் குணத்தால்தான். நாத்தனார் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் படம் தொங்குகிறது. அன்றைக்குக் கடல் ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. இரண்டு டிகிரி சாய்வு இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. பக்கத்திலிருந்த சக்கர நாற்காலியை, அதாவது கணினி முன்னால் உட்காருகிற உருளும் நாற்காலியை, இழுத்துப் போட்டு ஏறினாள். நாற்காலி ஒரு பக்கம் போயிற்று, இவள் மறுபக்கம் போனாள். வலது முழங்கை தரையில் அடித்த சத்தம் அடுப்படிவரை கேட்டதாம். "படம் மட்டும் அசையவே இல்ல" என்று நாத்தனார் அப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். இன்றைக்கும் அது அப்படியேதான் சாய்ந்து நிற்கிறது.

மாவுக்கட்டைப் பிரித்த நாளில்தான் விபரீதம் புரிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மூட்டு இறுகிப்போயிருந்தது. கை முழுசாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. யாரிடமோ எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியது பாதியில் நின்றுவிட்டது மாதிரி நின்றது. மூலைமட்டம் அதை ஒரு பார்வை பார்த்தாள். செங்கோணத்தைவிடப் பெரியது, நேர்கோட்டைவிடச் சிறியது. விரிகோணம். தலைவார உதவாது, தன் வாய்க்குச் சோறு கொண்டுபோக உதவாது. ரம்பம் பிடிக்க உதவவே உதவாது.

தலைவாருவதும் சோறு ஊட்டுவதும் கணவன் தலையில் விழுந்தன. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிற டிரைவர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "வாயத் தெற, வண்டி உள்ள வருது" என்று கரண்டியை நீட்டுவார். தலைவாரிவிட்டால் வகிடு ஊர் சுற்றிப் போகும். கண்ணாடியில் அந்த வகிட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடைந்த கையைவிட அதிகமாக வலித்தது.

ஆனால் அவளை உண்மையில் அரித்த கவலை வேறு. கடையில் ஜன்னல் ஓரத்து மேசை அவளுடையது. வெட்டு மேசை. சட்டத்துக்கான மரத்தின் ஒவ்வொரு முனையையும் சாய்வாக நாற்பத்தைந்து டிகிரியில் அறுக்க வேண்டும். இரண்டு நாற்பத்தைந்து சேர்ந்தால்தான் ஒரு தொண்ணூறு. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி தவறினால் மூன்று மூலைகளை எப்படியாவது இழுத்துப் பிடித்து மூடிவிடலாம், நாலாவது மூலை நாலு டிகிரிக்கு வாயைப் பிளந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தப்பெல்லாம் கடைசி மூலையில் கூட்டம் போட்டுக் காத்திருக்கும் என்பாள்.

அந்த மேசையில் இப்போது முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி, முப்பது தாண்டியவன், எந்த வேலையிலும் நிலைக்காதவன். நாலாவது மூலை பிளந்தால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, மேலே சாயத்தைத் தடவிவிட்டால் ஆயிற்று என்பது அவன் கொள்கை. அவன் அப்பியதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மேசை அவன் கைக்குப் போய்விட்டால் தனக்கு அந்தக் கடையில் மிஞ்சுவது கண்ணாடி துடைக்கிற வேலைதான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மேசையை விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

மருத்துவமனையில் மூட்டுப் பயிற்சி கொடுக்கிறவளை எல்லோரும் பிசியோ மேடம் என்றார்கள். மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பிடி இரும்புப் பிடி. முதல் நாள் அவள் கையைப் பிடித்து மடக்கியபோது மூலைமட்டம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூட்டின்மேல் ஏதோ பிளாஸ்டிக் பட்டைகளை வைத்தது தெரிந்தது, ஏதோ எண் சொன்னதும் கேட்டது. வலியில் மண்டைக்குள் ஏறவில்லை. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் காட்டிவிட்டு, வாசல்வரை வந்து அந்தப் பெண் சொன்னாள்.

"அம்மா, உங்க வேலைக்குத் திரும்பணும்னா நூத்திமுப்பது வரைக்கும் கொண்டு வரணும். விடாம செஞ்சா வந்துடும். இங்க கூட்டமா இருக்கு, மூணு வாரம் கழிச்சுதான் அடுத்த தடவை."

நூற்றுமுப்பது. அந்த எண்ணைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கடைச் சட்டத்தில் மிஞ்சிய இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை ஒரே திருகாணியால் சேர்த்து, தன் இரும்புக் கோணமானியை அதில் பொருத்தி, இடது கையாலேயே ஒரு அளவுகோல் செய்தாள். ஒரு பட்டை மேல்கையோடு, இன்னொன்று முன்கையோடு. நடுவில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தாள். நூற்றுநாற்பத்தைந்து.

"ஏங்க, இவ்வளவுதானா?" என்றாள். "நூத்திநாப்பத்தஞ்சு இருக்கு. நூத்திமுப்பதுக்கு வரணுமாம். பதினஞ்சு டிகிரிதானே பாக்கி?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒரே டிகிரி யூ டர்ன்தான். ஆனா அந்தப் பொண்ணு அளக்கும்போது முப்பத்தஞ்சுன்னு என்னமோ சொல்லுச்சு."

"முப்பத்தஞ்சா? அது எங்க வந்தது?"

"நான் அது நம்ம டோக்கன் நம்பர்னு நெனச்சு அடுத்த வரிசைல போய் நின்னுட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முப்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்தைவிடக் கூர்மையான குறுங்கோணம். இந்தக் கைக்கும் முப்பத்தைந்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இவர் எதையாவது கேட்டிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. நூற்றுமுப்பது என்பதும் விரிகோணம்தான். அந்த நிலையில் ரம்பத்தை எப்படிப் பின்னால் இழுப்பது என்று மனசு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சட்டம் போட வருகிறவன் மூலையைப் பற்றித் தனக்குப் பாடம் எடுத்தால் தான் சும்மா இருப்பாளா? அதேபோல மூட்டு அவர்கள் தொழில். நூற்றுமுப்பது வந்ததும் மற்றது தானாகக் கழன்று வரும் போலிருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். பதினைந்து டிகிரியில் வேலை முடிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் நம்பப் பிடிக்காது.

நம்பிக்கை இருந்ததால் வலியைப் பொருட்படுத்தவில்லை. காலையில் வெந்நீர் ஒத்தடம், பிறகு மேசை விளிம்பில் முன்கையை வைத்து உடம்பைச் சாய்த்து அழுத்தம், டிரைவர் வேலை முடிந்து வந்ததும் அவர் கையால் இன்னொரு முறை. அவர் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். "உனக்கு வலிக்குது, எனக்கு ஏன் கண்ணுல தண்ணி வருது" என்பார். மெதுவாக எண் இறங்கியது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் பட்டைகள் நூற்றுமுப்பதைக் காட்டின. மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். நூற்றுமுப்பதேதான்.

மருத்துவமனை நாள்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"கை வந்துடுச்சு முதலாளி" என்றாள் நிலையிலேயே நின்று. முதலாளி அவளைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். மச்சினன் மேசையிலிருந்து நகர்ந்து, ரம்பத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். அவள் மரத்தை, நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் பிளவு போட்ட வெட்டுப் பெட்டிக்குள் வைத்தாள், ரம்பத்தைப் பிளவில் இறக்கினாள், தள்ளினாள். போயிற்று. இழுத்தாள். ரம்பம் ஒரு விரல் தூரம் வந்து நின்றுவிட்டது. முழங்கை அதற்குமேல் மடங்க மறுத்தது. தோளைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, உடம்பையே பின்னால் கொண்டுபோய் இழுத்தாள். ரம்பம் பிளவுக்குள் ஆடி, மரத்தின் முகத்தில் ஒரு கீறல் விழுந்தது.

மச்சினன் பசை டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். அந்தச் சத்தம் அவளை அறைந்தது.

முதலாளி மெதுவாகச் சொன்னார். "அக்கா, அவசரம் வேணாம். ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. புது நூலகக் கட்டடத்துக்கு அத்தனை படத்துக்கும் சட்டம் நம்மகிட்டதான் குடுத்திருக்காங்க. மரம் வந்து எறங்கினதும் வெட்ட ஆரம்பிச்சாகணும். அது வரைக்கும் மேசை உங்களுதுதான். அதுக்கப்புறம் என் கையில இல்ல, வீட்டுலயும் நான் பதில் சொல்லணும்."

"மரம் எப்ப வரும்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். கீறல் விழுந்த மரத்துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மருத்துவமனைக்குப் போனபோது அவள் சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். டிரைவர் பின்னாலேயே வந்து, "மெதுவா பேசு, நம்ம கை அவங்க கைல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிசியோ மேடம் பிளாஸ்டிக் பட்டைகளை மூட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்பது. நல்ல முன்னேற்றம்மா. முப்பத்தஞ்சுல ஆரம்பிச்சோம், இப்ப அம்பது."

"அம்பது இல்ல, நூத்திமுப்பது" என்றாள் மூலைமட்டம். பையிலிருந்து தன் அளவுகோலை எடுத்து மூட்டில் வைத்துக் காட்டினாள். "பாருங்க. நீங்க சொன்ன இடத்துக்குக் கொண்டு வந்துட்டேன். வேல செய்ய முடியல. எனக்குப் பதில் சொல்லுங்க."

பிசியோ மேடம் இரண்டு கருவிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் கையை நேராக நீட்டிப் பிடித்தாள்.

"அம்மா, இப்ப என் கை நேரா இருக்கு. நீங்க இத எவ்வளவும்பீங்க?"

"நூத்தியெண்பது. நேர்கோணம். இதென்ன கேள்வி?"

"எங்களுக்கு இது சைபர்."

மூலைமட்டம் தன் அளவுகோலைத் திருப்பிப் பார்த்தாள்.

"மடக்காத கை சைபர். இதுலருந்து எவ்வளவு மடங்குதோ அதத்தான் நாங்க எண்ணுவோம்" என்று அந்தப் பெண் தன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக் காட்டினாள். "இருபது, நாப்பது, அறுபது. இதோ, வெரல் தோளத் தொட வருதில்ல, இதுதான் நான் சொன்ன நூத்திமுப்பது."

அந்தக் கையின் உள்ளே மிஞ்சியிருந்த இடுக்கை மூலைமட்டத்தின் கண் தானாக அளந்தது. ஐம்பது. நல்ல கூரான குறுங்கோணம். இவ்வளவு நாளும் தான் எவ்வளவு திறந்திருக்கிறது என்று எண்ணியிருக்கிறாள், அவர்கள் எவ்வளவு மடங்கியது என்று எண்ணியிருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் எப்போதும் நூற்றியெண்பது. கணவன் கேட்ட முப்பத்தைந்தும் டோக்கன் இல்லை, தன்னுடைய நூற்றுநாற்பத்தைந்தேதான். கோடு சரி, கருவி சரி, எண்ணத் தொடங்கிய இடம் வேறு. மூலையே தொழிலாக வைத்திருக்கிற தனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது. முதல் நாளே கண்ணைத் திறந்து பார்த்திருந்தால், ஒரு வார்த்தை எங்கிருந்து என்று கேட்டிருந்தால் போதும்.

"நானும் சொல்லியிருக்கணும்மா" என்றாள் பிசியோ மேடம். "எங்களுக்குப் பழகிப்போச்சு, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்."

"அப்ப பாக்கி பதினஞ்சு இல்ல."

"எண்பது."

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் மேலும் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் சொல்லப்பட்டன. நல்லது, மூட்டு இன்னும் இளகும் நிலையில்தான் இருக்கிறது. கெட்டது, பெரிய டாக்டர் அடுத்து பார்க்கும்போது தொண்ணூறைத் தாண்டியிருக்காவிட்டால் கத்தி வைத்துத்தான் மூட்டை விடுவிக்க வேண்டும். அதற்குப் பிறகு தேறி எழப் பல மாதம் ஆகும். பல மாதம் என்றால் மேசை போயிற்று என்று அர்த்தம்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவள் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். டிரைவருக்குப் பயமாகிவிட்டது. செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"பாக்கி எண்பதுல, அம்பதுலருந்து தொண்ணூறுக்கு நாப்பது. அப்படித்தானே?"

"கணக்கு என்னக் கேக்காத."

"முதல்ல நாப்பது. மிச்ச நாப்பத அப்புறம் பாத்துக்கலாம். வெந்நி வைங்க."

அதன் பிறகு நடந்ததைச் சுவையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, ஏனென்றால் அதில் சுவை கிடையாது. ஒத்தடம், அழுத்தம், வீக்கம், ஐஸ், மறுபடி அழுத்தம். இரண்டு டிகிரி வரும், வீக்கம் வந்து ஒரு டிகிரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் முழுக்க எண் நகரவே இல்லை. அந்த வாரம் அவள் கடைக்குப் போய், ரம்பம் இழுக்க உண்மையில் எவ்வளவு மடங்க வேண்டும் என்று முதலாளியின் கையை அளந்தாள். அவரை ரம்பம் பிடித்து நிற்கவைத்து, இழுப்பின் கடைசியில் அசையாதீங்க என்று சொல்லி, பட்டைகளை வைத்தாள். உள்ளே திறந்திருந்தது எழுபது. பிசியோ கணக்கில் நூற்றுப்பத்து. மச்சினனையும் அளக்கலாம் என்று திரும்பினாள். அவன் தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

"உங்க நூத்திமுப்பது தல வாரவும் சோறு திங்கவும்" என்று அடுத்த முறை பிசியோ மேடத்திடம் சொன்னாள். "எனக்கு மொதல்ல நூத்திப்பத்து குடுங்க. தலைய இவர் வாரட்டும்."

"எனக்கு விடுதலையே இல்லையா?" என்றார் டிரைவர்.

வீட்டுச் சுவரில் அவள் எதையும் எழுதி வைக்கவில்லை. மூலைமட்டத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். தினமும் காலையில் அழுத்தம் முடிந்ததும் அதன் மூலையை முழங்கை மடிப்புக்குள் நுழைத்துப் பார்ப்பாள். கை அதைவிட அகலமாகத் திறந்திருந்ததால் தகடு ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் ஒட்டாது. ஜன்னல் பக்கம் திரும்பினால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் முதலில் ஒரு கைப்பிடி அகலம் இருந்தது. பிறகு ஒரு பென்சில் அகலம். பிறகு ஒரு காகிதம் நுழையும் அளவு. ஒருநாள் காலையில் வைத்தபோது தகடு மேல்கையிலும் முன்கையிலும் ஒன்றுபோல் படிந்தது. வெளிச்சம் இல்லை.

"என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் முகத்தில் பாதி சவரத்தோடு ஓடி வந்தார்.

"என்ன, வலிக்குதா?"

"தொண்ணூறு. என் கணக்குலயும் தொண்ணூறு, அந்தப் பொண்ணு கணக்குலயும் தொண்ணூறு. இந்த ஒரு எடத்துலதான் ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாவுக்கட்டு பிரித்தபோதும் அழாதவள், கடையில் ரம்பம் நின்றபோதும் அழாதவள், ஒரு செங்கோணத்தைப் பார்த்து அழுதாள். டிரைவர் சவர நுரையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். புடவையெல்லாம் நுரையாயிற்று.

பெரிய டாக்டர் கையைப் பார்க்கும்போது தொண்ணூற்றைந்து. கத்தி வேண்டாம் என்றார். அவள் நன்றி சொன்ன கையோடு வெளியே வந்து பிசியோ மேடத்தின் மேசையில் கையை வைத்தாள். தொண்ணூறைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரியும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. தொண்ணூற்றெட்டு. நூறு. நூற்றிரண்டு. நூற்றைந்தில் நின்றது. நின்றதென்றால் நின்றதுதான். பிசியோ மேடம் தன் எடை முழுவதையும் போட்டு அழுத்திப் பார்த்தாள், டிரைவர் போட்டுப் பார்த்தார். நூற்றைந்து.

"கொஞ்ச நாள் இப்படி நிக்கும்மா. சிலருக்கு அப்புறம் நகரும். சிலருக்கு அதுதான் கடைசி. இப்பவே சொல்ல முடியாது."

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி ஆள் அனுப்பினார். மரம் வந்து இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போனபோது மரம் சுவரோரம் அடுக்கியிருந்தது. மச்சினன் மேசையில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான், ஆனால் இந்தமுறை நகரவில்லை. முதலாளி இருவருக்கும் நடுவில் நின்றார்.

"எவ்வளவுக்கா?" என்றார்.

"நூத்தியஞ்சு."

"வேண்டியது நூத்திப்பத்து."

"ஆமா. அஞ்சு பாக்கி."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேசையின் முன்னால் போய் நின்று, ரம்பத்தை எடுத்துப் பெட்டியில் இறக்கி, வெட்டாமல் வெறுமனே இழுத்துப் பார்த்தாள். கை வந்தது, வந்தது, கடைசியில் இரண்டு விரல் தூரம் பாக்கி வைத்துவிட்டு நின்றது. மச்சினன் பெருமூச்சு விட்டான். நிம்மதிப் பெருமூச்சா இரக்கமா என்று தெரியவில்லை. அவனும் கெட்டவனில்லை, அவனுக்கும் ஒரு மேசை வேண்டியிருந்தது.

அவள் ரம்பத்தை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். முழங்கையை இவ்வளவு மடக்க வைப்பது மேசையின் உயரம்தான். மேசை நெஞ்சுக்குக் கிட்டே இருந்தால் கை அதிகம் மடங்க வேண்டும். தான் கொஞ்சம் மேலே நின்றால் கை கீழ்நோக்கி இறங்கும், இழுப்பின் கடைசியிலும் கோணம் கொஞ்சம் திறந்தே இருக்கும். கை வரமாட்டேன் என்றால் தரை வரட்டும் என்று நினைத்தாள்.

சுவரோரம் கிடந்த தடித்த பலகை ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து மேசையடியில் போட்டாள். பலகை ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்தாள். "நாற்காலி மேலதான் ஏறக் கூடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க, பலகையப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று பலகைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஏறி நின்றாள்.

ரம்பத்தை இழுத்தாள். முழுசாக வந்தது.

முதல் மரத்தை வைத்தாள். தள்ளும்போது கை விரிகோணமாக நீண்டது, இழுக்கும்போது நடுவில் செங்கோணத்தைக் கடந்து குறுங்கோணத்துக்குள் போய்த் திரும்பியது. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்த டிகிரிகளையெல்லாம் ஒரே இழுப்பில் கை கடந்து போய் வந்தது. வலித்தது. அவள் நிறுத்தவில்லை. மரத்தூள் பலகைமேல், காலடியில், புடவைக் கரையில் விழுந்தது. எட்டு வெட்டு முடியும்வரை முதலாளி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

அவளே பசை தடவி மூலைகளைச் சேர்த்தாள். முதல் மூலை மூடியது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மூலையைச் சேர்க்கும்போது மச்சினன் எட்டிப் பார்த்தான். அவள் பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து அந்த மூலைக்குள் வைத்து, சட்டத்தைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். பிறகு அதை அப்படியே மச்சினன் கையில் கொடுத்தாள். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பசை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்பக்கத்து மேசைக்குப் போனான்.

முதலாளி குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது நழுவினா வம்பு. நாலு ஆணி அடிச்சு நிரந்தரமா தரையில பதிச்சுடவா?"

மூலைமட்டம் அடுத்த மரத்தைப் பெட்டிக்குள் வைத்து, ரம்பத்தை இறக்கினாள்.

"ஆணி வேணாம். இன்னும் அஞ்சு டிகிரி வரும். வந்ததும் பலகைய எடுத்துடலாம்."